பிப்ரவரி 30: டிரைவர் நலம்

மூன்றாவது வளைவைத் திருப்பி முடித்தபோதே சாலை சுழல ஆரம்பித்துவிட்டது.

மாதப்பன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் லாரி ஓட்டுகிறவன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் எந்த இடத்தில் கியரை இறக்க வேண்டும் என்பது அவன் கைக்கே தெரியும். இன்று தெரியாதது ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால் இரண்டு சாலைகள் ஓடின. அதில் எது நிஜம்?

முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது மூட்டை காப்பிக்கொட்டை. ஒன்பது டன்.

"மாதப்பா, பாறைப் பக்கமா போ சாமி," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த மாரியம்மாள்.

"பாறைப் பக்கமாத்தானக்கா போறேன்."

"இல்ல. நீ போறது பள்ளத்துப் பக்கம்."

அவள் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினான். லாரி முனகிக்கொண்டு நின்றது. ஹேண்ட் பிரேக். முதல் கியர். இன்ஜின் அணைந்தது. இடது முன் சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை. வெகு கீழே சேலம் வெயிலில் மங்கலாகக் கிடந்தது.

எதிரே மஞ்சள் பலகை. 17/20. அடிவாரத்திலிருந்து எண்ணினால் அடுத்து வருவது பதினேழாவது வளைவு.

மாரியம்மாள் ஏற்கெனவே கீழே குதித்திருந்தாள். கொட்டச்சேடு கிராமத்துக்காரி. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் பெண்களுக்குத் தலைவி. சேலத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்பியவள். புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு பாறாங்கல்லை உருட்டி வந்து முன் சக்கரங்களுக்கு அடை கொடுத்தாள்.

"இப்ப ஆக்ஸிலேட்டரை மிதிச்சாக்கூட நகராது. எறங்கி வந்து உக்காரு."

மாதப்பன் இறங்கினான். தரை வலப்பக்கம் சாய்ந்தது. கதவைப் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்த தலைசுற்றல் இது. மலையில் ஏறி இறங்குகிறவனுக்குக் காது அடைப்பது புதிதில்லை. அதுதான் என்று நினைத்து, எச்சில் விழுங்கி விழுங்கியே இரண்டு நாள் ஓட்டிவிட்டான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். உள்காதில் கோளாறு. மாத்திரை போட்டால் தூக்கமும் வரும். அடுத்த புதன் முடியும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை இன்று காலை எஸ்டேட் மேனேஜர் யுவராஜிடம் நீட்டினான். யுவராஜ் படித்தான். மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினான்.

"லோடு ஏத்தியாச்சு. மத்தியானத்துக்குள்ள கொட்டை ஆலைக்குப் போகணும். சுத்துனா நிறுத்தி நிறுத்திப் போ."

"முடியாதுங்க சார்."

"அப்ப லைன் ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டுப் போ. ஓட்டுற டிரைவருக்கு ஊடு வேணும்ல?"

எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த அந்த லைன் வீட்டில்தான் அவன் பிறந்தான். மனைவி தங்கம்மா, பத்தாவது படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் இன்னொரு மகள், எல்லாரும் அந்த இரண்டு அறைக்குள்தான். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அதை நினைத்துத்தான் சாவியை வாங்கினான். மூன்று வளைவு வரை தாங்கியது.

இப்போது அவனுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இனி ஒரு அடி நகர்த்த மாட்டான்.

மணி பத்து நாற்பது. சனிக்கிழமை. போதாக்குறைக்கு பிப்ரவரி பதினாலு. ஊரில் இருக்கும் காதலர்கள் பாதிப் பேர் பைக்கில் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தே நிமிடம். மலைப்பாதை அடைத்துக்கொண்டது.

லாரியின் வால்புறம் வளைவின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. பைக்குகள் நுழைந்து போயின. கார்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஊர்ந்தன. கீழேயிருந்து ஏறி வந்த சேலம் பஸ் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு நின்றது. அதற்குப் பின்னால் ஹாரன் சத்தம் ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்கியது.

பஸ் டிரைவர் சின்னத்தம்பி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, லாரி நிறுத்த வேற எடமே கெடைக்கலையா? ஏரியோரமா நிறுத்திப் போட்டு சுண்டல் வாங்கித் தின்னுருக்கலாமில்ல?"

"மனுசனுக்குத் தலை சுத்துது," என்றாள் மாரியம்மாள்.

"எனக்குந்தான் சுத்துது, இந்த ஹாரனைக் கேட்டு. இன்னும் பதினேழு வளைவுதான? மெல்ல உருட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீ மெல்ல உருளு. நாங்க மேலிருந்து பாக்குறோம்."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். சின்னத்தம்பிக்கு முகம் சுருங்கியது.

மோட்டார் சைக்கிள் ஒன்று வண்டிகளுக்கு நடுவே புகுந்து வந்தது. தலைமைக் காவலர் புஷ்பலதா. வார இறுதிக் கூட்டத்துக்காக மலைப்பாதையில் ரோந்து போய்க்கொண்டிருந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"யாருங்க டிரைவர்? பிரேக் டவுனா?"

"வண்டி நல்லாருக்குதுங்க மேடம். எனக்குத்தான் பிரேக் டவுன்," என்றான் மாதப்பன்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு வண்டி நிக்குது. முதல்ல எடுங்க. கீழ போய்ப் பேசிக்கலாம்."

"எடுக்க மாட்டேனுங்க."

இப்போது ஹெல்மெட் கழன்றது.

"என்ன சொன்னீங்க?"

"எடுக்க மாட்டேன்னு சொன்னேனுங்க. டாக்டரு ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. மூணு வளைவு ஓட்டுனதே தப்பு. நாலாவது தப்பைப் பண்ண மாட்டேன். இல்ல, எடுத்தே ஆகணும்னா, நீங்க எழுதிக் குடுங்க. இந்த டிரைவருக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, இருந்தாலும் ஒம்பது டன்னோட எறங்கச் சொன்னேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எடுக்கறேன்."

புஷ்பலதா பேனாவை எடுக்கவில்லை. அவர் அவனுடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவிழிகள் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தன.

"டாக்டர் சீட்டு எங்க?"

"மேனேஜர்கிட்ட."

லாரி நிற்கும் சேதி அதற்குள் எஸ்டேட்டுக்குப் போயிருந்தது; சொல்லி வைத்ததுபோல மேலேயிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது.

யுவராஜுக்கு முப்பத்து நாலு வயது. கூலிங் கிளாஸ். கையில் நீளமான, காக்கி அட்டை போட்ட புத்தகம். இறங்கியதும் அவன் மாதப்பனைப் பார்க்கவில்லை. நேராகப் போலீஸிடம் போனான்.

"சாரி மேடம். பூமரத்து எஸ்டேட் மேனேஜர். இவன் எங்க டிரைவர்தான். விஷயம் ஒண்ணுமில்ல, குடிச்சிருக்கான்."

மாரியம்மாள் காறித் துப்பினாள். சாலையோரத்தில்தான்.

"காலைல ஊட்டுல கம்மங்கூழு குடிச்சிருப்பான். அதுக்கும் கேஸு உண்டா மேனேஜரே?"

"நீ சும்மா இரும்மா. டாக்டர் சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். அப்படி எதையும் நான் வாங்கல."

மாதப்பன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு யுவராஜ்கள் தெரிந்தார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கருவி இருக்குதுங்களா மேடம்? ஊதறேன்."

புஷ்பலதா வண்டிப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்தார். கார்க்காரர்கள், பைக் ஜோடிகள், பஸ் பயணிகள் என்று இதற்குள் அறுபது எழுபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. மாதப்பன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினான்.

எண்கள் ஓடின. நின்றன.

பூஜ்யம்.

"குடிக்கல," என்றார் புஷ்பலதா. "அந்த வெள்ளைக் கோட்டு மேல நடந்து காட்டுங்க."

சாலை ஓரத்துக் கோடு. முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கோடு தானாக எழுந்து பள்ளத்தை நோக்கி வளைந்தது. மாதப்பன் அதன் பின்னாலேயே போனான்.

சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். சின்னத்தம்பி. எப்போது பஸ்ஸை விட்டு இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணா, போதும். நடக்காதீங்க." மாதப்பனைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டு அவர் போலீஸ் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "மேடம், நான் பதினாறாவது வளைவுல இருந்தப்ப இவரு என் தலைக்கு நேர் மேல வந்துக்கிட்டிருந்திருக்காரு. என் பஸ்ல அம்பத்தெட்டுப் பேரு. இவரு நிறுத்துனதுக்குத்தான் நான் இப்ப கோவிச்சுக்கிட்டேன்."

யுவராஜ் கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

"நடிப்பு மேடம். சனிக்கிழமை லீவு கேட்டான், தரல. அதுக்கு இந்த டிராமா. என்கிட்ட ரிக்கார்டு இருக்கு."

காக்கி அட்டைப் புத்தகத்தைத் திறந்து, ஜீப்பின் முன்புறம் விரித்து வைத்தான்.

"போன வருஷம் இன்சூரன்ஸ்காரங்க கேட்டாங்கன்னு நாங்களே அச்சடிச்சது. ஒரு டிரைவருக்கு மாசம் ஒரு புத்தகம், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். டிரைவர் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடணும். இன்னைக்குப் பதினாலு. படிச்சுப் பாருங்க."

புஷ்பலதா உரக்கப் படித்தார்.

"இன்று நான் பூரண நலமாக உள்ளேன். வண்டி ஓட்டத் தகுதியுடன் இருக்கிறேன். டிரைவர், மாதப்பன்."

கூட்டத்தில் சலசலப்பு. செல்போன்களில் இரண்டு தாழ்ந்தன. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நடிப்புதானா?" என்றார்.

"இது உங்க கையெழுத்தா?" என்றார் புஷ்பலதா.

மாதப்பன் உட்கார்ந்தபடியே பார்த்தான். 'ம'வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைக்கும் கையெழுத்து.

"என்னுதுதானுங்க."

மாரியம்மாள் திடுக்கிட்டாள். "ஏஞ்சாமி இப்படி?"

யுவராஜ் புத்தகத்தை மூடக் கை நீட்டினான். முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்திருந்தது.

"மூடாதீங்க சார்," என்றான் மாதப்பன். "மேடம், அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்களேன்."

யுவராஜின் கை புத்தகத்தின் மேல் இருந்தது. புஷ்பலதா அந்தக் கையைப் பார்த்தார். கை விலகியது. பக்கம் திரும்பியது.

"பதினஞ்சு," என்று படித்தவர் நிறுத்தினார். "இன்று நான் பூரண நலமாக உள்ளேன். மாதப்பன்."

மறுபடி திருப்பினார். பதினாறு. பூரண நலம். பதினேழு. பூரண நலம். விரல் வேகமெடுத்தது.

"நாங்க அஞ்சரைக்கே வண்டி எடுக்கறவங்க மேடம். ஆபீஸ் தொறக்கறது எட்டு மணிக்கு. அதனால மாசம் பொறந்தா மொத நாளே உக்காந்து மொத்தப் புத்தகத்துலயும் போட்டுருவோம். நான் மட்டுமில்லீங்க, நாலு டிரைவரும்தான். போட்டாத்தான் சாவி. வாசிச்சுக்கூடப் பாக்கறதில்ல. தப்புத்தான். என் கையால நானே போட்டுக்கிட்ட தப்பு. இன்னும் திருப்புங்க."

"இருபத்தெட்டு. முடிஞ்சுதே."

"இன்னும் இருக்குதுங்க."

புஷ்பலதா திருப்பினார். அவருடைய புருவம் மேலே போனது. புத்தகத்தில் முப்பத்தோரு பக்கம் அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாதத்தின் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் பளிச்சென்று விழுந்திருந்தது. மேனேஜரின் கையெழுத்தும் அடியில் இருந்தது.

"பிப்ரவரி முப்பது," என்று நிதானமாகப் படித்தார். "இன்று நான் பூரண நலமாக உள்ளேன்."

பஸ்ஸின் கூரை வரை சிரிப்பு எழும்பியது.

"வேகத்துல போட்டுட்டேனுங்க," என்றான் மாதப்பன். அவன் சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகத்துப்படி நான் இன்னைக்கு இந்தப் பள்ளத்துல உளுந்து செத்தாக்கூட, முப்பதாந்தேதி நல்லாத்தான் இருக்கேன். என் பொண்ணுங்ககிட்ட சார் இதைக் காட்டிருவாரு. உங்கப்பன் நல்லாத்தாம்மா இருந்தான், அவன் தப்புத்தான்னு சொல்லிருவாரு. பஸ்ஸுல இருக்கற அம்பத்தெட்டுப் பேரு ஊட்டுலயும் காட்டுவாரு. ரிக்கார்டு எதுக்குங்கறீங்க? அதுக்குத்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லா எஸ்டேட்லயும் இப்படித்தான் மேடம்," என்றான் யுவராஜ். "இது ஒரு சம்பிரதாயம்."

"அப்படியா?" புஷ்பலதா புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "உடம்பு முடியலன்னு தெரிஞ்சே வண்டி ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டத்துல குத்தம். நூத்தி எண்பத்தாறு. இவர் ஓட்டின மூணு வளைவுக்கு இவரை நான் கேக்கலாம். ஓட்டச் சொல்லித் தூண்டினவங்களையும் கேக்கலாம். அது நூத்தி எண்பத்தெட்டு. டாக்டர் சீட்டை நீங்க வாங்கவே இல்லைன்னீங்க. ஆஸ்பத்திரியில பதிவு இருக்கும். நானே போய்க் கேட்டுக்கறேன்."

"மேசைக் கண்ணாடிக்கு அடியில கெடக்குதுங்க," என்றாள் மாரியம்மாள். "காலைல சாவி வாங்க இவங்கூட நானும்தான நின்னேன். கண்ணாடியைத் தொடைச்சே வருசக் கணக்காச்சு, இருந்தாலும் தெரியும்."

யுவராஜின் காதுகள் சிவந்துவிட்டன. அவன் மாதப்பனிடம் நெருங்கினான். குரலைத் தாழ்த்தினான், ஆனால் அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் தாழ்ந்த குரல் எங்கே போகும்?

"சாயங்காலம் ஊட்டுல இருக்க மாட்டே. பாத்துக்க."

மாதப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தலை சுற்றியது. அவன் சுற்றட்டும் என்று விட்டுவிட்டான்.

"சார், எங்கப்பனும் இந்த எஸ்டேட்டு லாரிதான் ஓட்டினாரு. காய்ச்சலோட ஓட்டுவாரு. கையில கட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டுவாரு. நல்ல டிரைவர்னு பேரு வாங்குனாரு. எனக்கு அந்தப் பேரு வேண்டாம். காலி பண்ணச் சொல்றீங்களா, சரி. வாயில சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க. உடம்பு முடியாதப்ப லாரி ஓட்ட மாட்டேன்னு சொன்னதால ஊட்டை விட்டு அனுப்பறேன்னு அப்படியே எழுதுங்க. கோர்ட்டுல படிக்கறதுக்கு வசதியா இருக்கும்."

பைக்கில் இருந்த ஒரு பெண் தன் ஹேண்ட்பேகிலிருந்து பேனாவை எடுத்து யுவராஜிடம் நீட்டினாள். "இந்தாங்க சார்."

அவன் வாங்கவில்லை.

"எழுத மாட்டீங்க," என்றான் மாதப்பன். "நானும் ஓட்ட மாட்டேன். ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு."

அடுத்த பத்து நிமிடம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அடிவாரத்திலிருந்து மாற்று டிரைவர் மாதேஷ் ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று போனில் தெரிந்தது. அதுவரை பாதை அடைபட்டிருக்க முடியாது. புஷ்பலதா சின்னத்தம்பியைப் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்பு எப்படி?"

"தூங்கி எந்திரிச்சு, இட்லி தின்னு, நல்லாருக்கேனுங்க. இன்னைக்கு மட்டும். நாளைக்கு எப்படின்னு நாளைக்குத்தான் சொல்லுவேன்."

சின்னத்தம்பி லாரியில் ஏறினார். மாரியம்மாள் அடைகல்லை உதைத்துத் தள்ள, லாரி இருபது அடி பின்வாங்கி, பாறையைச் செதுக்கி அகலப்படுத்திய இடத்தில் ஒட்டி நின்றது. கற்கள் மறுபடி சக்கரத்துக்கு அடியில் போயின. பாதை திறந்தது.

"மேடம், நான் ஜீப்பை எடுத்துட்டு ஆபீஸ் போய்..." என்று ஆரம்பித்தான் யுவராஜ்.

"எங்க போறீங்க? லோடு உங்களுது. வளைவுல நிக்குது. யாராச்சும் நின்னு வர்ற வண்டிக்குக் கை காட்டணும்ல?" லாரியின் பின்னால் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து அவனிடம் கொடுத்தார். "மாதேஷ் வர்ற வரைக்கும் நீங்கதான். நான் ஆஸ்பத்திரி போய்ட்டு நேரா இங்க வர்றேன். புத்தகம் என்கிட்ட இருக்கட்டும்."

மாதப்பனை சின்னத்தம்பி தன் பஸ்ஸில் ஏற்றினார். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். மாதப்பன் படியில் நின்று திரும்பினான்.

"அக்கா, நீங்க பேத்தியைப் பாக்கப் போகலையா?"

"எறங்கற பஸ்ஸு வரட்டும். அது வரைக்கும் மேனேஜருக்குத் தொணைக்கு நிக்கறேன். தனியா நின்னா பயந்துக்குவாரு."

"சார்," என்றான் மாதப்பன். "வியாழக்கிழமை டாக்டரு சரின்னு சொன்னா வேலைக்கு வாரேன். அன்னைக்குக் காலைல, அன்னைக்குப் பக்கத்துல மட்டும் கையெழுத்து. ஊட்டுல தங்கம்மா இருப்பா. யாராச்சும் பூட்டோட வந்தா, கூப்பிடச் சொல்லி மேடம் நம்பரை இப்பத்தான் போன்ல அவகிட்டக் குடுத்து வெச்சிருக்கேன்."

பஸ் உறுமிக்கொண்டு ஏறி, பாறைக்குப் பின்னால் மறைந்தது.

கீழேயிருந்து இன்னொரு லாரி வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, கூலிங் கிளாஸும் சிவப்புத் துணியுமாக நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க சார், வண்டிக்கு என்ன?"

யுவராஜ் வேறு பக்கம் பார்த்தான். மாரியம்மாள் பாறை மேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறாங்க, சொல்லுங்க சார்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். லாரி டிரைவர் நகரவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

"டிரைவருக்கு உடம்பு சரியில்ல," என்றான் யுவராஜ். "அதனால வண்டி நிக்குது."